இணையவழிப் பல்கலைக்கழக வகுப்புக்குக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? காரைக்குடி வட்டார ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு கேள்வி

கோட்டையூர் விரிவுரையாளர்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் இணையவழி வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பில் 63 பேர். அப்போதுதான் இளங்கலை முடித்தவர்களும் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். வரும் பருவத்திலிருந்து துறை முழுவதும் ஒரே வகைக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவாகி, இரண்டு வாரத்திற்குள் பரிந்துரை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நேரலை, பதிவு, வருகைப்பதிவு, தேர்வு, கண்காணிப்பு ஆகிய அனைத்தும் ஓரிடத்திலேயே கிடைக்கும் என்று சொல்லி, ஒரு மென்பொருள் தொகுப்பைச் சென்ற வாரம் எங்களுக்குச் செய்து காட்டினார்கள். அரங்கத்தில் அது தடையின்றி ஓடியது. ஆனால் ஓடியது கல்லூரியின் ஃபைபர் இணைப்பில், பெரிய திரையில். என் மாணவர்கள் இருக்கும் இடம் அதுவல்ல.

சென்ற பருவத்தில் நடந்ததைச் சொன்னால் என் கவலை புரியும். நேரலை ஒரு செயலியில், குறிப்புகள் கூகுள் டிரைவில், அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில், ஒப்படைப்புகள் மின்னஞ்சலில், சிறு தேர்வுகள் இன்னொரு தளத்தில் என்று ஐந்து இடங்களில் வகுப்பை நடத்தினேன். ஆத்தங்குடியில் ஓடு செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் மாணவி ஒருவர், 11 பக்க ஒப்படைப்பைக் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவிலேயே அனுப்பியிருக்கிறார். அன்று குழுவில் வந்து குவிந்த வாழ்த்துகளுக்கும் ஐயங்களுக்கும் நடுவே அந்தப் படங்கள் என் கண்ணில் படவில்லை. அகமதிப்பீட்டில் அவர் பெயருக்கு நேரே சுழியம் போட்டுவிட்டேன். அவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, நான் அனுப்பினேனே" என்று மெல்லிய குரலில் கேட்டபோதுதான் தேடிப் பார்த்தேன். பதினொரு படங்களும் இருந்தன; மூன்றில் சிமெண்டுக் கறை படிந்த பெருவிரல் தெரிந்தது. மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். ஆனால் அழைக்கத் துணியாத மாணவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

எந்தக் கருவி சிறந்தது என்பதைக் காட்டிலும், எதை முதலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே உங்களிடம் கேட்கிறேன்.

புதுவயல் கணிதம்:

அம்மா, செயலிகளின் வசதிப் பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் மாணவர்களின் கையில் இருக்கும் கைப்பேசியையும், அதில் அன்றாடம் கிடைக்கும் டேட்டாவையும் கணக்கெடுங்கள். அதையும் கூகுள் படிவத்தில் கேட்காதீர்கள். இணைப்பு நன்றாக உள்ளவர்கள்தாம் படிவத்தை நிரப்புவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. முகம் தெரியும் காணொளி விநாடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் வந்தால், ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 450 எம்.பி. செலவாகும். சனிக்கிழமை மூன்று மணி நேரம் வகுப்பு என்றால் 1350 எம்.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு அன்றைய டேட்டா அத்தோடு தீர்ந்தது. வீட்டில் அதே கைப்பேசியை நம்பியிருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே வகுப்பை விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒலியாக மட்டும் அனுப்பினால் மணிக்கு 29 எம்.பி. போதும். முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்து, ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் 24 கிலோபிட்டுக்குச் சுருக்கிக் கொடுத்தால் ஒரு மணி நேர விரிவுரை ஏறத்தாழ 11 எம்.பி.க்குள் அடங்கிவிடும். பேச்சுக்கு அந்தத் தரமே போதும். வாட்ஸ்அப்பின் குரல் செய்திகளும் ஓபஸ் முறையில்தான் வருகின்றன.

எனக்குக் கரும்பலகை இல்லாமல் கணிதம் நடத்த முடியாது. ஆகையால் ஒலியோடு, படிப்படியாக எழுதிய பக்கங்களைப் பி.டி.எஃப். கோப்பாகச் சேர்த்து, "இப்போது நான்காம் பக்கத்தைப் பாருங்கள்" என்று ஒலிப்பதிவிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். என் முகம் தெரியவில்லை என்று இதுவரை யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கானாடுகாத்தான் மாணவி:

வணக்கம். நான் வேறொரு கல்லூரியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் கைப்பேசியில் படிக்கும் பக்கம் நின்று யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் அம்மா இவ்வூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். நாங்கள் பின்கட்டில் இருக்கிறோம். சுவர்களின் கனத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்கட்டில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. வளவின் முற்றத்திற்கு வந்தால் ஒன்று வரும், முகப்புத் திண்ணைக்கு வந்தால் மூன்று வரும். ஆகவே மாலை வகுப்பென்றால் தெருவைப் பார்த்த திண்ணையில்தான் உட்கார வேண்டும். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அந்த நிலையில் "எல்லாரும் கேமராவை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் வருகை கிடையாது" என்று சொல்லும்போது, எனக்கு வகுப்பே வேண்டாம் என்றாகிவிடுகிறது. பதிவைக் கோப்பாகத் தந்தால் திண்ணையில் ஐந்து நிமிடம் இருந்து இறக்கிக்கொண்டு, பின்கட்டில் அம்மாவுக்கு உதவிக்கொண்டே இரண்டு முறை கேட்பேன். இணைப்பில் இருந்தால் மட்டுமே ஓடும் பதிவு எனக்கு உதவாது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழுவில் சேர்த்தவுடன் என் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வாரமே அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து இரவில் செய்திகள் வரத் தொடங்கின. ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, குழுவிலிருந்து வெளியேறினேன். அதன்பின் தேர்வு அறிவிப்பே எனக்கு வரவில்லை.

கோட்டையூர் விரிவுரையாளர்:

அம்மா, நீங்கள் எழுதியது நல்லது. எண் வெளிப்படுவதைப் பற்றி நான் இதுவரை எண்ணியே பார்க்கவில்லை. வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால், அறிவிப்புகளை மட்டும் அங்கே மாற்ற இன்றே ஏற்பாடு செய்கிறேன்.

தேவகோட்டை கணினித்துறை:

என் பரிந்துரை மூடில். 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லை. பாடம், ஒப்படைப்பு, வினா வங்கி, கலந்துரையாடல், மதிப்பெண் பதிவேடு ஆகிய அனைத்தும் ஒரே உள்நுழைவில் கிடைக்கும். மேலே தங்கை சொன்ன குறைக்கு அதிலேயே வழி உண்டு: மூடிலின் கைப்பேசிச் செயலியில் பாடப் பொருள்களை முழுவதுமாக இறக்கி வைத்து, இணைப்பு இல்லாத இடத்தில் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால், நேர வரம்பு இல்லாத சிறு தேர்வுகளையும் இணைப்பின்றி எழுதி, சிக்னல் வந்தபின் அனுப்பலாம். நேரலைக்கு, கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கப்பட்ட பிக்புளூபட்டன் என்ற இணையவழி வகுப்பு மென்பொருள் இருக்கிறது. 2022இல் வந்த மூடில் 4.0 முதல் அதற்கான இணைப்பு மூடிலுக்குள்ளேயே தரப்படுகிறது.

சந்தா கட்டி வாங்கும் தொகுப்பில் எனக்குள்ள அச்சம் இதுதான்: கட்டணத்தை நிறுத்திய நாளன்று உங்கள் பாடங்களும் வினா வங்கியும் யார் கையில் இருக்கும்? அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரியைத் தொடங்கியதும், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்ததும், இங்கேயே நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம் பாடங்களையும் நமக்குச் சொந்தமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளத்தூர் வணிகவியல்:

தேவகோட்டை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் சொந்த வீடு என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கட்டியவர் காலத்தில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர் கண்ணாடியாக மின்னிய வீடுகள், ஆள் இல்லாமல் இன்று காரை பெயர்ந்து கிடப்பதை நாம் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். சர்வரும் அப்படித்தான். பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்ற வேண்டும். காப்புப் படி எடுக்க வேண்டும். எடுத்த படி உண்மையிலேயே திறக்கிறதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும். பிக்புளூபட்டனைத் தனியே நிறுவ 8 கருக்கள் (கோர்) உள்ள பிராசசரும் 16 ஜி.பி. நினைவகமும் கொண்ட சர்வரைப் பரிந்துரைக்கிறார்கள். நான் முன்பு பணிசெய்த ஓரிடத்தில் ஒரே ஆசிரியர் தம் ஆர்வத்தால் மூடிலை நிறுவி மூன்றாண்டு நடத்தினார். அவர் மாற்றலாகிப் போனபின் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. பாடங்களெல்லாம் அதற்குள்ளேயே அடைபட்டுப் போயின.

ஆள் இல்லாத துறைக்கு, பாடங்களையும் ஒப்படைப்புகளையும் ஓரிடத்தில் வைக்கும் கூகுள் கிளாஸ்ரூம் தளமே போதும் என்பேன். ஆசிரியர் அரை நாளில் கற்றுக்கொள்வார். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒப்படைப்பு எந்த மாணவருடையது என்று அதுவே பெயரிட்டு வைத்துக்கொள்வதால், பதினொரு படங்கள் தொலைந்த கதை மறுபடி நடக்காது.

தேவகோட்டை கணினித்துறை:

கடவுச்சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியில் இரண்டு ஆசிரியரும் ஓர் அலுவலக உதவியாளரும் பொறுப்பில் இருக்கிறோம். நிர்வாகக் கடவுச்சொல் உறையிலிடப்பட்டு முதல்வர் அறைப் பெட்டகத்தில் இருக்கிறது. பருவத்திற்கு ஒருமுறை காப்புப் படியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கிறோம். இவ்வளவுக்கு ஆள் இல்லையென்றால், நானும் கிளாஸ்ரூமையே சொல்வேன்; ஆனால் பருவ முடிவில் எல்லாவற்றையும் இறக்கித் துறையின் வட்டில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி நூலகர்:

ஒருவரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்த்துறைக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது, அது தமிழ் எழுத்தை எப்படிக் கையாள்கிறது என்பதை நீங்களே கையால் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய குறிப்புகள். துறைகளில் இருபதாண்டுகளாகச் சேர்ந்த குறிப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால் மாணவர் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தாம் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றாமல் எதையும் ஏற்றுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அச்சுப் பக்கமாக மட்டும் இருப்பவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) தமிழை நன்றாகவே பிரித்துத் தருகிறது. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தின் தன்னார்வலர்கள் அந்த வழியில் பெருந்தொகையான பழைய நூல்களை எழுத்தாக்கியிருக்கிறார்கள். பிழை திருத்தம் மட்டும் மனிதர்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. ஒரு சொல் விடை எழுதும் தேர்வில், "கௌதமர்" என்ற விடைக்கு ஒரு மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்தார்கள். திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. எழுத்தெழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஆசிரியர் ஔகாரக் குறியைத் தட்டியிருந்தார்; மாணவரோ "கெ" தட்டி, அதன்பின் "ள" என்ற எழுத்தைத் தட்டியிருந்தார். கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். இதைப் போலவே, துணைக்காலுக்குப் பதில் "ர" தட்டுவோரும் உண்டு. ஆகவே தமிழில் ஒரு சொல் விடை கேட்கும் தேர்வு என்றால், ஏற்கத்தக்க விடைகளாக இந்த வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். அல்லது நான்கில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகைக்கு மாறுங்கள்.

மூன்றாவதாக ஒன்று. எங்கள் நூலகத்திற்கு வரும் பார்வையற்ற மாணவர் ஒருவர் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் என்ற கைப்பேசி வசதி வழியாகப் படிக்கிறார். ஒருங்குறியில் உள்ள பாடத்தை அது தமிழில் வாசித்துக் காட்டுகிறது. படமாக எடுத்து ஒட்டிய பி.டி.எஃப். வந்தால் அவருக்கு வெற்றுப் பக்கம். கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதற்குள் நாம் படங்களாகப் போட்டு அடைத்தால் அவருக்கு அங்கே இடம் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவர்:

காரைக்குடிப் பக்கத்துக்காரன், இங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். இந்திய நேரத்திற்கு இங்கே இரண்டரை மணி நேரம் கூடுதல். மாலை 7 மணி வகுப்பு எனக்கு இரவு 9.30க்குத் தொடங்குகிறது. தேர்வுகளுக்கு ஒரு மணி நேரச் சாளரம் மட்டும் வைக்காமல், 24 மணி நேரம் திறந்து வைத்தால் பணிமுறை மாறும் என்னைப் போன்றவர்கள் தப்பிப்போம்.

பள்ளத்தூர் வணிகவியல்:

24 மணி நேரம் திறந்து வைத்தால், முதலில் எழுதியவர் விடையை அனைவருக்கும் அனுப்பிவிட மாட்டாரா? கண்காணிப்பு மென்பொருள் இல்லாமல் அதை எப்படித் தடுப்பது?

புதுவயல் கணிதம்:

கேமரா வழியாகக் கண்ணசைவைக் கண்காணிக்கும் மென்பொருளை நான் முழுமனத்தோடு எதிர்க்கிறேன். ஓரறை வீட்டில் தேர்வெழுதும் பெண்ணின் பின்னால் தாத்தா நடந்து போனால் அதை முறைகேடு என்று குறித்துவைக்கும் கருவி, ஏழை வீட்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் குற்றவாளியாக்கும். வீட்டின் உள்ளே எடுக்கப்பட்ட அந்தப் பதிவுகள் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தபின் கல்லூரிகள் இதைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

வினாவை மாற்றுவதுதான் வழி. வினா வங்கியில் ஒவ்வொரு தலைப்புக்கும் இருபது வினாக்கள் இருந்தால், ஆளுக்கு வேறு வேறு வினா போகும்படி மூடிலில் அமைக்கலாம். அதோடு ஆளுக்குப் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பே போதும். 63 பேருக்குப் பத்தரை மணி நேரம். மூன்று ஆசிரியர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு மூன்றரை மணி. தானே எழுதியவர் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அம்மா, உங்கள் பாடத்தில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. கம்பராமாயணத்திற்கு எத்தனை காண்டம் என்று கேட்டால் ஆறு என்று கைப்பேசியே சொல்லிவிடும். தெருவில் உள்ள ஓர் ஆச்சியிடம் தாலாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, அதில் வரும் உறவுப் பெயர்களை விளக்கச் சொல்லுங்கள். யாரிடமிருந்தும் அதை நகலெடுக்க முடியாது. அத்தனை மாணவரிடமும் இருக்கும் அந்தச் சிறிய கைப்பேசி அங்கே கள ஆய்வுக் கருவியாகிவிடும். பதிவு செய்யுமுன் அந்த ஆச்சியிடம் அனுமதி கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

கோட்டையூர் விரிவுரையாளர்:

தொலைபேசிக் கணக்கெடுப்பை முடித்துவிட்டேன். ஒரு வாரம் ஆயிற்று. ஆனாலும் சென்ற பருவம் முழுவதும் அறிந்துகொள்ளாததை இந்த ஒரு வாரத்தில் அறிந்துகொண்டேன். மடிக்கணினி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்டாங்கிச் சேலை நெய்யும் ஒருவர், தறியில் இருக்கும்போது காதில் கேட்பதற்கு வசதியாக ஒலிப்பதிவு கிடைக்குமா என்று அவராகவே கேட்டார். மின்தடை நாளில் வகுப்பு வைத்தால் கைப்பேசியில் சார்ஜ் இருப்பதில்லை என்று பலர் சொன்னார்கள்.

துறைக்கு எழுதியிருக்கும் பரிந்துரை இதுதான். பெரிய தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம். மூடிலைப் பராமரிக்க எங்கள் துறையில் இன்று ஆள் இல்லை என்பதை மறைக்காமல் எழுதிவிட்டு, ஓராண்டுக்குக் கிளாஸ்ரூமை மட்டும் பாடத்தின் ஒரே இருப்பிடமாகக் கொள்ளவும், அதற்குள் இரண்டு ஆசிரியர்களைத் தேவகோட்டை ஐயாவிடம் பயிற்சிக்கு அனுப்பவும் கேட்டிருக்கிறேன். வினாக்களை ஆளுக்கு ஆள் மாற்றித் தரும் வசதிக்கு மூடில் வரும்வரை காத்திருக்க வேண்டும்; அதுவரை வாய்மொழித் தேர்வு. அறிவிப்பு சேனலில் மட்டும். விரிவுரைகள் ஒலியும் ஒருங்குறிக் குறிப்புமாக வியாழக்கிழமையே ஏற்றப்படும். நேரலை வாரத்திற்கு ஒரு மணி நேரம், ஐயம் கேட்பதற்கும் விவாதிப்பதற்கும் மட்டும். கேமரா கட்டாயமில்லை.

இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான சுவயத்தின் பாடங்கள் காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு பகுதிகளாக அமைந்திருப்பதை வைத்து எங்கள் ஏற்பாட்டைச் சரிபார்த்தேன். கலந்துரையாடல் பகுதிதான் மெலிந்து கிடக்கிறது. கிளாஸ்ரூமில் ஒரு கருத்தின் கீழ் நீண்ட விவாதம் நடத்துவது கடினமாக இருக்கிறது. இதற்கு ஏதேனும் வழி உண்டா?

கானாடுகாத்தான் மாணவி:

எங்கள் வகுப்பில் நாங்களே செய்து பார்த்தது ஒன்று உண்டு. ஒரே கூகுள் ஆவணத்தைப் பகிர்ந்துகொண்டு, ஆறு ஆறு பேராகப் பிரிந்து, பாடப் பகுதியின் ஓரத்தில் கருத்து எழுதுவோம். பெரிய குழுவில் வாய் திறக்காதவர்கள்கூட ஆறு பேருக்குள் எழுதுகிறார்கள். டேட்டாவும் அதிகம் செலவாகாது.

கோட்டையூர் விரிவுரையாளர்:

நன்றி அம்மா. முதல் பாடத்திலேயே செய்து பார்க்கிறேன். ஓட்டுப் பட்டறை மாணவியை முதல் குழுவில் சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை என்று அறிவிப்பு வந்திருப்பதால், முதல் நேரலையை ஞாயிறு மாலை 5 மணிக்கு மாற்றிவிட்டேன். முதல் இரண்டு ஒலிப்பதிவுகளும் ஏறிவிட்டன. ஒன்று 9 எம்.பி., மற்றொன்று 10 எம்.பி.